குற்றாலம் போகும், திரும்பாது

அப்பா நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஈர வேட்டி. மேலே சட்டை இல்லை, துண்டும் இல்லை. தலையிலிருந்து இறங்கிய தண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது. எதிரே டிரைவர் முத்தையா, காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு கைகட்டி நின்றார். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும் ரோட்டில், ஒரு புளியமரத்தடியில், எங்கள் கார் செத்துக் கிடந்தது.

பின் சீட்டில் அம்மாவும் நானும். என் மடியில் ஒரு கூடை மங்குஸ்தான். சாரல் விழுந்து விழுந்து கண்ணாடியெல்லாம் புகைமூட்டமாகியிருந்தது. அதில் விரலால் ஒரு வட்டம் துடைத்து, அதன் வழியாக நான் வேடிக்கை பார்த்தேன்.

"ஏலே, நான் கேக்குத கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. நாங்க அருவிக்குப் போன பொறவு கார்கிட்ட இருந்தது யாரு?"

"நான்தாங்கய்யா."

"பெட்ரோல் மூடிச் சாவி யாரு கையில இருந்தது?"

"என் கையிலதான்."

"வரும்போது கார் ஓடிச்சா இல்லையா?"

"ஓடிச்சுய்யா."

"இப்போ நின்னுட்டு. பெட்ரோல் வரலைங்குத. அப்போ இடையில என்ன நடந்தது?"

முத்தையா கொஞ்சம் யோசித்தார். அவர் எதையும் யோசித்துத்தான் சொல்வார். "நீங்க குளிச்சீங்கய்யா," என்றார்.

திமிரான பதில் என்று அப்பா நினைத்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வழக்கில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான் என்று எங்களுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

ஒரு முன்னுரை, என் அத்தானுக்காக

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் புகழ்ச்சியாக இருக்கிறது என்று என் அத்தான் சங்கரன் போனில் குறைப்பட்டுக்கொண்டார். அப்பாவின் அக்கா மகன் அவர். அப்பாவிடம் ஜூனியராக இருந்து பல வருஷம் திட்டு வாங்கியவர். "உண்மையையும் கொஞ்சம் எழுது," என்றார். இந்த வாரம் அவர் ஆசையைத் தீர்த்துவிடுகிறேன். இதில் அவரும் வருகிறார் என்பதை இப்போது சொல்லவில்லை. படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பா தென்காசியில் கிரிமினல் வக்கீல். கோயில் கோபுரம் இடிந்து மொட்டையாக நின்ற அந்தக் காலத்தில், ஊரில் உயரமாக நின்ற பொருள் அப்பாவின் தலைதான் என்று அவருக்கு ஒரு எண்ணம். ஆடு திருடியவன், மாடு திருடியவன், வாழைத்தார் வெட்டியவன் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் அப்பா ஒரே மருந்துதான் வைத்திருந்தார். சந்தேகத்தின் பலன். "கண்ணால பாத்த சாட்சி இல்லை. சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுக்கணும்," என்று கோர்ட்டில் மேஜையைத் தட்டுவார். எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். கோர்ட் தமிழில் அப்படித்தான்.

அந்த மருந்து வாசல் வரைக்கும்தான் செல்லுபடியாகும். வீட்டுக்குள் தேங்காய்ச் சில்லு காணாமல் போனால் சாட்சியும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். பக்கத்தில் நின்றவளுக்கு அடி.

பல்லி

கார், தேயிலை எஸ்டேட் துரை ஒருவர் விட்டுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் கார். அதைச் செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்தக் காரில் பெட்ரோல் பம்ப் கரண்டில் ஓடும். டேங்குக்குப் பக்கத்தில், டிக்கிக்கு அடியில் இருந்தது. சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். முன்னால் கார்புரேட்டரின் சின்னத் தொட்டி நிறைந்ததும் நின்றுவிடும். சுவரில் பல்லி சொல்வதுபோலவே இருக்கும் என்பதால் எங்கள் வீட்டில் அதற்குப் பல்லி என்றே பெயர். வீட்டிலிருந்து எங்கே கிளம்பினாலும் அம்மா, "பல்லி சொல்லிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவாள். நல்ல சகுனம் என்று அவளுக்குத் திருப்தி.

பழைய சாவி சுவிட்ச், பம்புக்குப் போகும் கரண்டைத் தாங்கமாட்டாமல் அடிக்கடி சூடாகிக் கருகியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்த காசி அதற்கு ஒரு வழி செய்தார். ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி. சாவியைத் திருப்பினால் அதற்குள் இருக்கும் காந்தம் ஒரு தகட்டை 'டக்' என்று இழுக்கும். தகடு போய் ஒட்டினால் பேட்டரியிலிருந்து கரண்ட் நேராகப் பம்புக்குப் போகும். சாவிக்குச் சிரமம் இல்லை. பெரிய மனிதர்கள் ஆள் விட்டு ஆளிடம் வேலை வாங்குவதுபோல என்று காசி விளக்கினார். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் அப்பா தலையிட்டார். காசி போனட்டுக்குள் வைக்கப் போனார். "சாரல் காலத்துல போனட் பூரா தண்ணி. தண்ணி படாத இடமாப் பாத்து வையும்," என்றார் அப்பா. கார் முழுக்கச் சுற்றிப் பார்த்து, தண்ணீரே படாத ஓர் இடத்தை அவரே காட்டினார். முன் சீட்டுக்கு அடியில். இடது பக்கம். அவர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே.

மற்றக் கார்க்காரர்கள் எல்லாம் பின்னால் உட்காருவார்கள். அப்பா முன்னால்தான் உட்காருவார். டிரைவருக்கு வழி சொல்ல வேண்டும் அல்லவா. பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் நடந்த முத்தையாவுக்கு, "இப்படித் திரும்புலே," என்று அப்பா சொல்லாவிட்டால் கார் கேரளாவுக்குப் போய்விடும்.

துவட்டக் கூடாது

குற்றாலத்தில் குளிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பார் ஒருவர். எண்ணெயே கூடாது என்பார் அடுத்தவர். முதலில் முதுகைக் காட்டு, பிறகு தலையைக் கொடு என்பார் இன்னொருவர். வெளியூர்க்காரன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றால் சீசனே முடிந்துவிடும்.

அப்பாவின் சாஸ்திரம், குளித்த பிறகு துவட்டக் கூடாது என்பது. மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் அந்தத் தண்ணீரில் கரைந்து வருகிறதாம். அதைத் துண்டால் துடைத்துப் போட்டால் மூலிகை துண்டுக்குப் போய்விடும். வேட்டியையும் பிழியக் கூடாது. தண்ணீர் தானாக உடம்பில் ஊற வேண்டும். மருந்து மாத்திரையே தொடாமல் அவர் நடமாடியதற்கு இதுதான் காரணம் என்று யாரிடமும் சொல்வார். அதை நம்பித் துவட்டாமல் திரிந்த குமாஸ்தா ஒருவர் நெஞ்சுச் சளியில் படுத்தார். அது அவருடைய உடம்பு வாகு என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

ஆக, மெயின் அருவியில் நின்றுவிட்டு அப்பா அப்படியே வருவார். கரையில் எண்ணெய் மணமும் மிளகாய் பஜ்ஜி மணமும் கலந்து அடிக்கும். வழியெல்லாம் கோடு போட்டதுபோலத் தண்ணீர் சொட்டும். பெண்கள் நாங்கள் உடை மாற்றி, தலையைக் காயவைத்து, பழம் பேரம் பேசி வருவதற்குள் அவர் போய் முன் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த அரைமணி நேரமும் மூலிகை ஊறும்.

மூலிகை எங்கெல்லாம் ஊறியது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

புளியமரத்து நீதிமன்றம்

அந்த சீசனில் அது வழக்கமாகிவிட்டது. குற்றாலத்துக்குக் கார் சமர்த்தாகப் போகும். திரும்பும்போது அதே புளியமரத்தடியில் இருமி, குலுங்கி, நிற்கும். நாலைந்து இளவட்டங்கள் தள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். மறுநாள் காலையில் முத்தையா சாவியைத் திருப்பினால் பல்லி பழையபடி சொல்லும்.

மரத்தில் முனி இருக்கிறது என்றார்கள் ஊர்க்காரர்கள். அப்பாவுக்கு முனியில் நம்பிக்கை இல்லை. எதிரியில்தான் நம்பிக்கை. பெட்ரோல் வராமல் கார் நிற்கிறது என்றால் பெட்ரோல் இல்லை. இல்லை என்றால் எடுத்தவன் ஒருவன் இருக்கிறான்.

முத்தையா டேங்குக்குள் குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். பாதிக்குமேல் நனைந்திருந்தது. அப்பா அசரவில்லை. "பெட்ரோலை எடுத்துட்டு அருவித் தண்ணிய ஊத்தியிருக்க. குச்சிக்கு என்னத்தலே தெரியும்?" என்றார். காசி மறுநாள் டேங்கைத் திறந்து, ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. "இந்தத் தடவை ஊத்தல," என்றார் அப்பா. வாய்தா வாங்குவதில் அவர் கெட்டிக்காரர்.

காசியிடம் ஒரு சின்ன பல்பு உண்டு. இரண்டு ஒயர் தொங்கும். எங்கே கரண்ட் வருகிறது, எங்கே வரவில்லை என்று அதை வைத்துப் பார்ப்பார். அவர் கடைக்குக் கார் போவது எப்போதும் மறுநாள் காலையில். எங்கே வைத்தாலும் பல்பு எரியும். "நம்மகிட்ட வரும்போது நோவு இல்லையேம்மா. நான் எதைன்னு பாக்க?" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டார்.

கடைசியில் சோதனை ஓட்டம் வைத்தார்கள். கோர்ட்டிலிருந்து வந்த கோலத்திலேயே, கறுப்புக் கோட்டோடு அப்பா முன்னால் ஏறினார். பின்னால் காசி. முத்தையா குற்றாலம் வரை ஓட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, டீ குடித்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்தார். புளியமரம் வந்தது, போனது. கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அப்பாவுக்கு வேறு என்ன வேண்டும். "பாத்தேரா காசி? நாம கூட இருந்தா ஒண்ணும் ஆகல. இவனத் தனியா விட்டா நிக்கி," என்றார்.  முத்தையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சீசன் முடிகிற சமயத்தில் இன்னொரு முறை நின்றது. அப்பா அன்றைக்குச் சும்மா விடவில்லை. ஊர் திரும்பியதும் தென்காசிக் கார் ஸ்டாண்டுக்கு நடந்துபோய், அத்தனை டிரைவர்கள் முன்னாலும், கணீரென்ற கோர்ட் குரலில், "பெட்ரோல் திருடுத பயல இனி என் வீட்டுப் பக்கம் பாக்கக் கூடாது," என்றார். முத்தையா சாவியை அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் கார் கொடுக்கவில்லை. வக்கீலே திருடன் என்று சொன்னவனை யார் சேர்ப்பார்கள்? 'பெட்ரோல்' என்று பட்டப்பெயர் வேறு ஒட்டிக்கொண்டது. சுரண்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டோம். ஒருமுறை அம்மாவும் நானும் சுரண்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தோம். கத்திரிக்காய் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற லாரிக்காரன் அவரைப் பார்த்துவிட்டு, டேங்க் மூடியை ஒரு தட்டுத் தட்டி, சிரித்தான். முத்தையா எங்களைப் பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு இலையில் வைத்தது ஒன்றும் இறங்கவில்லை.

தீர்ப்பு உறுதியானது

இதில் வேடிக்கை என்னவென்றால், முத்தையாவை நிறுத்திய நாளிலிருந்து கார் எங்கேயும் நிற்கவில்லை. திருநெல்வேலி போனது, வந்தது. பண்பொழி மலைக்கோயில் அடிவாரம் வரை போனது, வந்தது. தை, மாசி, பங்குனி எல்லாம் பல்லி வாய் ஓயாமல் சொல்லியது.

"பாத்தியா? திருடன் போனான், கார் சரியாச்சு," என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். கோர்ட்டில் மற்ற வக்கீல்களிடம் இதை ஒரு பாடமாகவே நடத்தினார். சூழ்நிலைச் சாட்சியம் எவ்வளவு வலுவானது என்பதற்கு எங்கள் கார் எடுத்துக்காட்டு ஆயிற்று.

அருவியில் தண்ணீர் இல்லை, அதனால் அப்பா குளிக்கவில்லை என்பது சாட்சியத்தில் சேரவில்லை.

அடுத்த ஆனி வந்தது. மேற்கே மலை கறுத்தது, அருவியில் தண்ணீர் விழுந்தது. சாரல் எங்கள் வீட்டு முற்றம் வரை வந்து எட்டிப்பார்த்தது. புது டிரைவர் வைக்க அப்பாவுக்கு மனமில்லை. அத்தான் சங்கரன் அப்போதுதான் சட்டம் படித்து முடித்து, கார் ஓட்டவும் பழகியிருந்தார். அவரை ஓட்டச் சொன்னார்.

போனோம். குளித்தோம். அப்பா துவட்டவில்லை. அத்தான் காரைக் கிளப்பினார். புளியமரம் வந்தது. கார் இருமியது, குலுங்கியது, நின்றது.

 அத்தானின் முகம் வெளுத்துப்போனது. அப்பா தொண்டையைச் செருமினார். "மெஷின்னா அப்படித்தான். பழைய சாமான்," என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது கொஞ்சம்தான். அதில் ஒன்று அது. பின் சீட்டிலிருந்து நிதானமாகக் கேட்டாள். "ஏன், இவன்கிட்டயும் கேளுங்களேன். மூடிச் சாவி யாரு கையில இருந்துதுன்னு."

"இவன் என் அக்கா மவன்."

"அவன் யாரு மவன்?"

அப்பா காரைத் தள்ள ஆள் கூப்பிடக் கையைத் தூக்கினார். அம்மா விடவில்லை. "காரை ஒருத்தரும் தொடக் கூடாது. தள்ளிட்டுப் போய் நாளைக்குக் காலையில பாத்தா அதுபாட்டுக்கு ஓடும். சங்கரா, அங்கன வருத பஸ்ஸுல ஏறிப் போய்க் காசிய இங்கன கூட்டிட்டு வா," என்றாள். "நீங்களும் உக்காந்த இடத்தை விட்டு இறங்க வேண்டாம்," என்று அப்பாவிடமும் சொன்னாள். குற்றம் நடந்த இடத்தில் எதையும் கலைக்கக் கூடாது என்பது வக்கீல் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எந்திரிங்கய்யா

காசி சைக்கிளில் வந்தார். பின்னாலேயே அத்தான் இன்னொரு வாடகைச் சைக்கிளில், மூச்சிரைக்க.

காசி டிக்கிப் பக்கம் படுத்து, பம்புக்கு வருகிற ஒயரில் பல்பை வைத்தார். எரியவில்லை. அந்தக் காரில் அந்த பல்பு எரியாமல் அவர் பார்த்தது அதுதான் முதல் முறை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பேட்டரியில் வைத்தார், எரிந்தது. சாவியைத் திருப்பச் சொல்லிக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். முன் சீட்டுக்கு அடியில் 'டக்' என்றது.

"சாவி நல்லாருக்கு. காந்தமும் இழுக்கு. பெட்டி வரைக்கும் கரண்ட் வருது. பெட்டியத் தாண்டிப் போகல," என்றார். பிறகு தயங்கினார். பெட்டியின்மேல் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க."

"நான் எதுக்குவே எந்திரிக்கணும்?"

"எந்திரிங்கய்யா."

அப்பா இறங்கினார். காசி சீட்டைத் தூக்கினார். அடியில் தென்னை நார் ஊறிக் கறுத்து, ஸ்பிரிங்குகள் துருப்பிடித்துச் சிவந்து, நுனியிலிருந்து சிவப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடம் ரிலே. மூடியைக் கழற்றியபோது, தகடு ஒட்டுகிற பாயிண்டில் பச்சைக் களிம்பு. அதன்மேல் துருத் தண்ணீர் குழம்பாக நின்றது. தகடு வந்து ஒட்டினாலும் கரண்ட் தாண்டாது. ராத்திரி முழுக்க உலர்ந்தால் மறுநாள் ஒருவாறு தாண்டும். கார்புரேட்டர் தொட்டியில் மிச்சமிருந்த பெட்ரோலில் கார் புளியமரம் வரை ஓடி வந்திருக்கிறது. தொட்டி நிறைந்திருந்தால் பல்லி எப்போதுமே சொல்லாது என்பதால், அருவியிலிருந்து கிளம்பும்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முனியின் எல்லை அதுவரைதான்.

காசி சீட்டைப் பார்த்தார். அப்பாவின் இடுப்பைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். 

அத்தானும் மலையைப் பார்த்தார்.

அம்மா இறங்கி வந்து, "கொஞ்சம் திரும்புங்க," என்றாள். அப்பா ஏன் என்று கேட்காமல் திரும்பிவிட்டார். ஈர வேட்டியின் பின்பக்கத்தில், உட்காரும் இடத்தில், துரு நிறத்தில் வட்டம் வட்டமாகக் கறை. ஸ்பிரிங் ஒவ்வொன்றும் ஒரு முத்திரை குத்தியிருந்தது.

அந்தக் கறை எங்களுக்குப் புதிது இல்லை. குற்றாலம் போய் வந்த ஒவ்வொரு வேட்டியிலும் இருந்தது. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் கை தேய்ந்தது. போகாத வேட்டிகளைக் கிழித்து அடுப்படியில் கரித்துணி ஆக்கியிருந்தோம். ஒரு வருஷமாக அந்த வட்டங்களைப் பிடித்துத்தான் சோற்றுப்பானை இறக்கினோம். சலவைக் கணக்காகப் பார்த்தோமே தவிர, எங்கிருந்து வருகிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அதை நினைத்து எனக்கு எங்கள் எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது.

காசி உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்துத் துடைத்தார். அத்தான் சாவியைத் திருப்பினார். பின்னால் பல்லி சொல்லியது.

"இந்தப் பெட்டிய இங்கன எவன் வைக்கச் சொன்னான்?" என்றார் அப்பா.

"தண்ணி படாத இடம்னு நீங்கதான்யா காட்டுனீங்க," என்றார் காசி.

சந்தேகத்தின் பலன்

மறுநாள் அம்மா, "முத்தையாவக் கூப்பிடுங்க," என்றாள். அப்பா இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு, குமாஸ்தாவைச் சுரண்டைக்கு அனுப்பினார். சொல்லி அனுப்பிய வாசகம் அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது. "சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருக்கேன், வேலைக்கு வரலாம்னு சொல்லும்."

காரின் கோளாறைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகும் சந்தேகம் மட்டும் அப்பாவிடம் பத்திரமாக இருந்தது.

குமாஸ்தா தனியாகத் திரும்பி வந்தார். "வரமாட்டேங்கான். ஐயா கார் ஸ்டாண்டுல வச்சுச் சொன்னத, கார் ஸ்டாண்டுலயே வந்து இல்லைன்னு சொல்லணுமாம்."

"நான் டிரைவர் பயலுவ முன்னால போய் நிக்கணுமாக்கும்," என்று அப்பா எழுந்து கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா அடுப்படிக்குப் போனாள். வட்டக் கறை வேட்டி ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு கார் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வக்கீல் வீட்டம்மா வருவதைப் பார்த்து டிரைவர்கள் பீடியை மறைத்தார்கள். அம்மா வேட்டியை ஒரு காரின் போனட்மேல் விரித்தாள்.

"அண்ணாச்சிமாரே, எங்க வீட்டுப் பெட்ரோல் திருடன் இந்தா இருக்கு. முத்தையா இல்லை," என்றாள். பிறகு, சீட்டு, ஸ்பிரிங், ரிலே என்று காசி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு மொத்த ஸ்டாண்டும் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து குழம்பு கூட்டினாள்.

முத்தையாவுக்கு வாடகைக் கார் ஒன்று ஓட்டக் கிடைத்தது. அப்பாவுக்கு 'வட்ட வேட்டி வக்கீல்' என்று பெயர் கிடைத்தது. அப்பா அம்மாவோடு சில வாரம் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

முத்தையா எங்கள் வீட்டு வேலைக்குத் திரும்பவே இல்லை. வழியில் பார்த்தால் அம்மாவுக்கு வணக்கம் சொல்வார். "நீங்க சொன்னீங்கம்மா. ஐயா சொல்லலையே," என்று ஒருமுறை சொன்னாராம்.

மறுபடியும் புளியமரம்

சில வருஷம் கழித்து நான் மெட்ராஸிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். பழைய காரை விற்றாகிவிட்டது. அப்பாவுக்கு நடை தளர்ந்திருந்தது. அருவி ஆசை தளரவில்லை. பஸ்ஸில் குற்றாலம் போனோம்.

குளித்துவிட்டு வழக்கம்போலச் சொட்டச் சொட்ட வந்தார். கூட்டத்தில் பஸ் ஏற முடியாது என்று, வாடகைக் கார் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். முறைப்படி முதலில் நின்ற கார்தான் வர வேண்டும். முதலில் நின்றது முத்தையா.

அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  முத்தையா கதவைத் திறக்கவில்லை. டிக்கியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"துவட்டிட்டு ஏறுங்கய்யா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கடைமேல் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்தேன்.

"மூலிகைத் தண்ணி," என்று ஆரம்பித்தார் அப்பா.

"தெரியும்யா. துவட்டிட்டு ஏறுங்க."

அப்பா துண்டை வாங்கினார். தலையைத் துவட்டினார். நெஞ்சு, கை, முதுகு. பழக்கமில்லாததால் முதுகு எட்டவில்லை. "வேட்டியவும் பிழிஞ்சுக்கிடுங்க," என்றார் முத்தையா. என் அப்பா, தென்காசி கோர்ட்டை நடுங்க வைத்த வக்கீல், குற்றாலத்துக் கார் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் என்று நினைவில்லை.

முன் சீட்டில்தான் ஏறினார். வழி சொல்லவில்லை.

புளியமரம் வந்தது. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மரத்திடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு இடையில என்ன நடந்ததுன்னு கேட்டேம்லா. நீ சொன்னதுதான் சரி. நான்தான் குளிச்சேன். நீ எடுக்கல."

முத்தையா காரை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார்.

"வண்டிச் சத்தத்துல கேக்கலைங்கய்யா," என்றார்.

அப்பா இன்னொரு முறை சொன்னார். கோர்ட் குரலில் சொன்னார்.